தனபாக்கியத்தின் வலது கால்

லாரிக்குப் பாடி கட்டுகிற நாமக்கல்லில் பிறந்து, லாரி ஹாரன் சத்தத்திலேயே வளர்ந்து, ஒரு மொபெட்டைத் தாண்டி எதையும் ஓட்டத் தெரியாமலே இருந்த குழந்தைவேலும், அதே ஊரில் கால் நூற்றாண்டாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்த அவர் மனைவி தனபாக்கியமும், அறுபதை நெருங்குகிற வயதில், புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, பருப்புப்பொடி ஒரு டப்பா, சின்னதாக ஒரு கேஸ் அடுப்பு, ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர் என்று கட்டிக்கொண்டு கிர்கிஸ்தான் என்கிற மலைநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, அங்கே டாக்டருக்குப் படித்த பழைய மாணவி ஒருத்தி “சுவிட்சர்லாந்து மாதிரியே இருக்கும் மேடம், செலவுதான் கம்மி” என்று சொன்னதை நம்பித்தான். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மலை இருந்தது, மலைக்குப் பின்னால் இன்னொரு மலை இருந்தது, கொம்பு முதுகைத் தொடுகிற காட்டு ஆடுகள் இருந்தன, பின்னங்காலில் நிமிர்ந்து நின்று போகிற வருகிற ஆளையெல்லாம் நோட்டம் பார்க்கும் கொழுத்த மலையணில்கள் இருந்தன. வாடகைக்கு எடுத்த காரில் ஹேண்ட்பிரேக்தான் இல்லை.

இருப்பதிலேயே மலிவான கார் வேண்டும் என்று கேட்டது குழந்தைவேல். ஜப்பானிலிருந்து வந்து, பல பேர் கைமாறிய பழைய வண்டி. நம்மூர்போல ஸ்டியரிங் வலதுபக்கம். சாவியைக் கொடுத்தவன், எங்கே நிறுத்தினாலும் டயருக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுங்கள் என்று கையாலேயே சொல்லிக் காட்டிவிட்டுப் போனான். ஆக வண்டி ஓட்டுவது அவள், வழி பார்ப்பது அவள், ரோட்டோரம் சோறாக்குவது அவள், கல் வைப்பது மட்டும் அவர் என்று வேலை பிரிந்துபோயிற்று. ஒவ்வொரு கணவாயிலும், ஒவ்வொரு ஆற்றங்கரையிலும், “கல்லு வெச்சீங்களா?” என்று அவள் கேட்பாள், “வெச்சாச்சு” என்று அவர் சொல்வார், அதற்கப்புறமும் அவள் இறங்கிப்போய்க் குனிந்து ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

அது சந்தேகப் புத்தி இல்லை, தொழில் புத்தி. அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் இடதுபக்கம் உட்கார்ந்து, வாத்தியாருக்கென்று தனியாக வைத்த இரண்டாவது பிரேக்கின் மேல் வலது காலை வைத்தபடியே பிழைத்தவள் அவள். பஸ்ஸில் போனாலும் அந்தக் கால் தரையை அழுத்தும், சினிமா பார்த்தாலும் அழுத்தும், கட்டிலில் படுத்தாலும் அழுத்தும். ஓடுகிற வண்டியில் அவள் கண்ணயர்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. குழந்தைவேலுக்கும் கற்றுக்கொடுத்துப் பார்த்தாள். அவர் ரோட்டைப் பார்க்காமல் அவள் காலைப் பார்த்து ஓட்டினார். எப்படியும் அவள் பிரேக் போட்டுவிடுவாள் என்று தெரிந்த மனுஷனுக்கு ரோடு எதற்கு? அந்த ஸ்கூலில் தேறாத ஒரே ஆள் என்று பேர் வாங்கினார், அதைக் கல்யாண வீடுகளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லவும் செய்தார்.

நாள்கணக்கில் குலுங்கிக் குலுங்கி, எலும்பெல்லாம் கழன்றதுபோல், ஒரு சாயங்காலம் மேட்டு ஏரி ஒன்றின் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். சுற்றிலும் புல்வெளி, புல்வெளியில் குதிரைகள், தூரத்தில் ஆடு மேய்க்கிறவர்களின் வட்டமான கம்பளிக் கூடாரங்கள். வண்டி சரிவில் நின்றது. குழந்தைவேல் இறங்கினார். காற்று ஊசியாகக் குத்தியது. கல் கிடந்த இடம் தள்ளி இருந்தது. கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

“கல்லு வெச்சீங்களா?”

“வெச்சாச்சு.”

அன்றைக்கு மட்டும் அவள் இறங்கிப் பார்க்கவில்லை. அவ்வளவு அசதி. ஸ்டியரிங்கைப் பிடித்த கையை மடியில் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, அப்படியே தூங்கிப்போனாள். காது நம்பிவிட்டது, கால் நம்பவில்லை. அது பிரேக்கை அழுத்தினபடியே இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தார், சரி, அதுதான் அழுத்தியிருக்கிறதே என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

மறுநாள் அவள் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார், உலுக்கிப் பார்த்தார், ஏரித் தண்ணீரைத் தெளித்தார், காப்பி போட்டு மூக்குக்கு நேரே காட்டினார். மூச்சு சீராக வந்தது, முகம் தெளிவாக இருந்தது, கால் மட்டும் அழுத்தின இடத்தைவிட்டு நகரவில்லை. அவர் தலையில் கைவைத்துப் புல்லில் உட்கார்ந்திருந்தபோது, கூடாரப் பக்கமிருந்து நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் மெல்ல நடந்து வந்தாள். வந்தவள் தமிழில் கேட்டாள்.

“அண்ணா, அக்கா செத்துப்போச்சா?”

“ஐயோ, இல்லம்மா. தூங்குது.”

“அப்போ சரி. தூங்கட்டும். நீ வா, டீ குடி.”

அவள் பேர் சினாரா. குளிர்காலமெல்லாம் தலைநகரில் டாக்டருக்குப் படிக்கிற தமிழ்ப் பையன்களுக்கு மெஸ்ஸில் சாம்பார் வைத்தவள், தமிழை அவர்களிடமிருந்து பிடித்தவள். பெரியவர்களுக்கு மரியாதை கொடுத்துப் பேசுவதை மட்டும் அந்தப் பையன்கள் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கோடைக்குப் புருஷன் எர்மெக்கோடும் ஆடுகளோடும் மேலே வருவாள், கணவாயைப் பனி மூடுவதற்குள் கீழே இறங்கிவிடுவாள். அவளும் மற்றப் பெண்களுமாகத் தனபாக்கியத்தைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு கூடாரத்தில் கம்பளியின் மேல் கிடத்தினார்கள். பிரேக்கிலிருந்து கால் எடுபட்ட பிறகும் வண்டி சரிவில் உருளாமல் நின்றது. படுத்த பிறகும் வலது கால் முழங்காலிலிருந்து நீண்டு, பாதம் வளைந்து, காற்றை அழுத்திக்கொண்டிருந்தது.

அன்றைக்குக் கோடை நின்றது.

சட்டென்று யாருக்கும் தெரியவில்லை. தோல்பையில் ஊற்றிவைத்த குதிரைப்பால் புளிக்கவில்லை. பையில்தான் கோளாறு என்று வேறு பையில் ஊற்றினார்கள், அதிலும் புளிக்கவில்லை. பிசைந்த மாவு உப்பவில்லை. ஆடு மேய்ந்த புல் காலையில் அதே உயரத்தில் நின்றது, அதைத் தின்ற ஆடு கொழுக்கவும் இல்லை, மெலியவும் இல்லை. ஆடிக்கொண்டிருந்த பல் ஒன்று ஒரு சிறுமியின் வாயில் ஆடிக்கொண்டே இருந்தது. தெற்கே போகவேண்டிய வாத்துகள் தினமும் கூட்டமாகக் கிளம்பி, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, எதையோ மறந்துவிட்டதுபோல் கிளம்பின இடத்திலேயே வந்து இறங்கின. சாபிர் என்கிற கிழவர், போகிற நேரம் வந்துவிட்டது என்று வெள்ளை உடுத்தி, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்தவர், படுத்துப் படுத்து அலுத்துப்போய் எழுந்து வந்து சீட்டு விளையாட உட்கார்ந்தார். சினாராவுக்கு மாதம் கடந்தது, வலி வரவில்லை.

ஏன் இப்படி என்று அங்கே ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை, எங்கே நிற்கிறது என்றுதான் தேடினார்கள். எர்மெக் முன்பு லாரி ஓட்டியவன். ஒருநாள் கூடாரத்துக்குள் வந்து தனபாக்கியத்தின் காலைக் குனிந்து பார்த்து, “இது பிரேக்” என்று அவர்கள் பாஷையில் சொன்னான். வெளியே நின்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது, அவரவர் ஆட்டைப் பார்க்கப் போனார்கள்.

முதலில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். குளிர் வராது, கூடாரம் பிரிக்க வேண்டாம், ஆட்டைச் சந்தைக்கு ஓட்ட வேண்டாம். பக்கத்து மேய்ச்சல் வெளிகளில் கேள்விப்பட்டு ஆட்கள் வந்தார்கள், ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் கூடாரம் அடித்தார்கள். இலை உதிர்ந்ததும் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகவேண்டிய மகனைக் கூட்டிக்கொண்டு கும்புசாய் என்கிற ஒரு தாய் வந்தாள், இலைதான் உதிரப்போவதில்லையே. தினமும் ஒரு கிண்ணம் பாலாடை கொண்டுவந்து தனபாக்கியத்தின் பாதத்தில் தடவி நீவிவிட்டு, நன்றாக அழுத்திக்கொள் தாயே என்பதுபோல் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவாள். பெண்கள் முறைவைத்து அவளுக்குத் தலை வாரினார்கள், கஞ்சி புகட்டினார்கள், தூக்கத்திலேயே அவள் விழுங்கினாள். மலையணில்கள் வளையைவிட்டு வந்து கூடார வாசலில் வரிசையாக நின்று பார்த்துவிட்டுப் போயின. பாறைமேல் ஒரு பனிச்சிறுத்தை வந்து உட்கார்ந்தது. அதையும் பார்க்கலாம் என்றுதான் இத்தனை தூரம் கிளம்பினார்கள் என்பது குழந்தைவேலுக்கு நினைவு வந்தது. ஆனால் தன் பாட்டுக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அந்த மிருகத்தைத் தனியாகப் பார்ப்பதில் அவருக்கு எந்த ருசியும் இருக்கவில்லை.

அவருக்குத் தூக்கம் போய்விட்டது. அவள் முழித்திருந்ததால்தான் இத்தனை வருஷம் அவர் தூங்கினார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ராத்திரி பகலாகக் கண்ணைத் திறந்தபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்து, கன்னம் ஒட்டி, வாய்க்குள் புழுதி அப்பினதுபோல் ஒரு அசதி.

பிறகு அந்த அசதி எல்லோருக்கும் பரவியது. அதே வெயில், அதே பூ, அதே புல், அதே ஆடு, நேற்றுப் பேசின அதே பேச்சு. புளிக்காத பாலைக் குடித்துக் குடித்து ஆண்களுக்கு நாக்குச் செத்துப்போயிற்று. வாத்துகள் கிளம்பும்போது இப்போது யாரும் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. கீழேயிருந்து மாவு ஏற்றிவந்த லாரிக்காரன், கீழே ஆப்பிள் பறித்து முடித்துவிட்டார்கள், கணவாயில் பனி ரயில்வே கேட்டில் நிற்கிற வண்டிகள்போல வரிசை கட்டிக் காத்திருக்கிறது, கேட்டைத் திறந்தால் மொத்தமாக வரும் என்று சொன்னான். குழந்தைவேல் ஊருக்குத் திரும்ப வேண்டிய விமானம் எப்போதோ போயிருந்தது. சினாரா இடுப்பில் கையை ஊன்றிக் கூடாரங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை அசைவதும் நின்றுவிட்டது. செத்துவிட்டதா, அதுவும் காத்திருக்கிறதா என்று சொல்ல அங்கே யாருமில்லை.

அவள் சுற்றி வரும்போதெல்லாம் குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டார். ஒருநாள் மனைவியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, “பாக்கியம், நான் கல்லு வெக்கல. பொய் சொல்லிட்டேன்” என்றார். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. கால் அசையவில்லை.

வாசலில் நின்ற சினாரா, “அண்ணா, அது அக்காவுக்குத் தெரியும்” என்றாள். “எனக்கே தெரியும். டயர் சும்மா இருந்துச்சு. எல்லாரும் பாத்தோம்.”

“அப்பறம் என்னதாம்மா பண்றது நானு?”

“நீ ஓட்டு.”

“எனக்குத் தெரியாதும்மா. எர்மெக்க ஓட்டச் சொல்லு.”

எர்மெக் ஏற்கெனவே ஓட்டிப் பார்த்துவிட்டான். தனபாக்கியத்தை இடதுபக்கம் உட்காரவைத்து பெல்ட் போட்டு ஏரிக்கரை நெடுக நன்றாகத்தான் ஓட்டினான், கால் இறங்கவில்லை. அவனிடம் அவளுக்குச் சந்தேகமே கிடையாது, சந்தேகம் வேறொரு ஆளின் மேல் என்பது குழந்தைவேல் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சாபிர் கிழவர் சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் ஏதோ சொன்னார். சினாரா சிரிக்காமல் மொழிபெயர்த்தாள்.

“எனக்கும் சேத்து ஓட்டுன்னு சொல்றாரு. வெள்ளைத் துணி அழுக்காகுதாம்.”

“நான் ஓட்டுனா இவரு...”

“ஆமா. அதுக்குத்தான் கேக்கறாரு.”

குழந்தைவேல் ஓட்ட ஆரம்பித்தார். சாவியைத் திருப்பி, கிளட்சை அழுத்தி, கியரைப் போட்டு, பயந்து பயந்து விடும்போது வண்டி ஒரு துள்ளுத் துள்ளும். பக்கத்தில் தூங்குகிறவளின் கால் தரையை ஓங்கி அழுத்தும். இடதுபக்கம் பெடலே இல்லாத அந்த வண்டி முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆண்கள் வந்து தள்ளிவிடுவார்கள். மறுபடி துள்ளல், மறுபடி கால், மறுபடி நிற்பது. அவர் கண் ரோட்டில் இல்லை, காலில் இருந்தது. மொத்த மேய்ச்சல் வெளியும் வேலையை விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து பார்த்தது. நாமக்கல்லில் சிரித்துக்கொண்டு சொன்ன விஷயத்துக்காக அவர் இங்கே முதல்முறையாக வெட்கப்பட்டார்.

ஒருநாள் வண்டிக்கு முன்னால் கும்புசாய் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஓட்டாதே என்று தலையை ஆட்டினாள். அவள் அழுகிறாளா, வெயிலுக்குக் கண்ணை இடுக்குகிறாளா என்று தெரியவில்லை. குழந்தைவேல் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டார். கடைசியில் அவள் மகனே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பிறகு அவள் தோளைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம் அவள் திரும்பித் திரும்பி அந்தக் காலைத்தான் பார்த்தாள்.

அப்போது பின்கதவு திறந்தது. சினாரா வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

“எறங்கும்மா. வேண்டாம். வண்டி துள்ளுது.”

“நிக்க முடியல அண்ணா. செத்தா உன் வண்டியில சாவறேன். ஓட்டு.”

சொல்லிவிட்டுத் தன் தோளில் கிடந்த பெரிய சால்வையை உருவி, முன்சீட்டுக்கு எட்டி, தனபாக்கியத்தின் இரண்டு காலையும் சேர்த்து மூடிச் செருகினாள்.

“கால பாக்காத. ரோட்ட பாரு.”

பார்ப்பதற்குக் கால் இல்லாமல் போனதால் குழந்தைவேல் ரோட்டைப் பார்த்தார். ரோடு என்று சொல்வதும் தப்பு, புல்லில் டயர் போன இரண்டு கோடுகள். அதில் பள்ளம் இருந்தது, மேடு இருந்தது, நடுவில் பதுங்கி ஓடும் மலையணில் இருந்தது, இதையெல்லாம் இத்தனை நாள் அவள் ஒருத்தியே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். வண்டி துள்ளவில்லை. உருண்டது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு அவர் கை தானே போயிற்று. ஏரி வலதுபக்கம் வந்தது, சரிவு தொடங்கியது, பின்சீட்டில் சினாரா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். வளைவைத் திரும்பியபோது, மேட்டிலிருந்து ஒரு குதிரைக் கூட்டம், குட்டிகளும் தாய்களுமாக, புழுதியைக் கிளப்பிக்கொண்டு குறுக்கே இறங்கியது.

அவர் பிரேக்கை அழுத்தினார். அவளுக்கு முன்னால் அழுத்தினார்.

வண்டி நின்றது. கடைசிக் குட்டி பானெட்டை முகர்ந்துவிட்டு ஓடியது. சால்வைக்கு அடியில் ஏதோ அசைந்தது. அழுத்தி அழுத்தி வளைந்துபோன பாதம் மெதுவாக நிமிர்ந்து, முழங்கால் தளர்ந்து, வேலை முடிந்த கால் ஒரு ஓரமாகச் சாய்ந்தது. தனபாக்கியம் ஒரு பெருமூச்சு விட்டாள், அப்புறம் குறட்டை விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டிராத குறட்டை.

வாத்துகள் கிளம்பி, ஏரியைச் சுற்றாமல், நேராகத் தெற்கே போயின. மேகம் கணவாயைத் தாண்டி உள்ளே வந்தது. கண்ணாடியில் முதல் பனி விழுந்து கரைவதற்குள் சினாரா அவர் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, “அண்ணா, திருப்பு! திருப்பு!” என்று கத்தினாள். அவர் வண்டியைத் திருப்பினார். அதை எப்படித் திருப்பினார் என்று பிற்பாடு யார் கேட்டும் அவரால் சொல்ல முடிந்ததில்லை.

சாயங்காலத்துக்குள் பெண்பிள்ளை பிறந்தது. நாக்கை நீட்டி, காத்திருந்த கோபமெல்லாம் சேர்ந்து அது போட்ட சத்தத்துக்குக் குதிரைகள் கனைத்தன. அதே நேரத்துக்குச் சாபிர் கிழவர் சீட்டை எண்ணி உறையில் போட்டு, படுக்கையை உதறிப் படுத்து, போய்ச் சேர்ந்தார். ஒரு கூடாரத்தில் அழுதார்கள், ஒரு கூடாரத்தில் சிரித்தார்கள், இரண்டிலும் குழந்தைவேலுக்குச் சாப்பாடு வைத்தார்கள். கும்புசாய் மகனுக்குப் பையைக் கட்டினாள். கட்டும்போது குழந்தைவேலைப் பார்க்கவே இல்லை. அதை அவர் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அன்று அவர் தூங்கினார்.

விடிந்ததும் கூடாரங்களைப் பிரித்தார்கள். ஆடுகளும் குதிரைகளும் முன்னால் போக, பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சினாரா மாவு லாரியில் போக, கடைசியாகக் குழந்தைவேலின் கார் பனியில் ஊர்ந்து ஏறியது. பாதி ஏற்றத்தில் தனபாக்கியம் கண்ணைத் திறந்தாள். வெள்ளையாக இருந்த மலையைப் பார்த்தாள், ஆட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

“ஏனுங்க, யாருங்க ஓட்டறது?”

“நாந்தான்.”

அவள் குனிந்து அவர் காலைப் பார்த்தாள்.

“கிளட்ச்சு மேலயே கால வெச்சுட்டு ஓட்டாதீங்க. தேஞ்சுபோகும்.”

“சரி.”

கணவாயின் உச்சியில் ஆடுகள் மூச்சுவாங்க நின்றன. அவரும் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரில் போட்டுவிட்டு இறங்கினார். கணுக்கால் அளவு பனி. காற்று அன்றைக்கு அடித்ததைவிடப் பலமாக அடித்தது. தள்ளிப்போய், வெறுங்கையால் பனியைத் தோண்டி, ஒரு கல்லைப் பெயர்த்து, மார்போடு அணைத்துத் தூக்கிவந்து பின்டயருக்கு முட்டுக் கொடுத்து, காலால் இரண்டு உதை உதைத்துப் பார்த்தார். விரல் விறைத்துப்போய்க் கதவைத் திறக்கக்கூட வரவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

“கல்லு வெச்சீங்களா?”

“வெச்சாச்சு.”

தனபாக்கியத்தின் கை பழக்கத்தில் கதவுப் பிடிக்குப் போயிற்று. பிடியைத் தொட்டு, அங்கேயே கொஞ்சநேரம் இருந்தது. பிறகு அந்தக் கையை எடுத்து, செருப்பைக் கழற்றிப் போட்டு, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கி சீட்டின் மேல் மடக்கி வைத்து, சினாராவின் சால்வையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் மறுபடி கண்ணை மூடினாள்.